சிற்பியைக் கடைசியில் கூப்பிடாதீர்கள்

பூங்கா வரைபடம் என் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் நடுவில் ஒரு சதுரம் இருக்கும். உள்ளே 'சிலை' என்று எழுதியிருக்கும். பாதை, பேவர் பிளாக், வேலி எல்லாம் முடிவாகி, பீடமும் கட்டிய பிறகுதான் சிற்பியைத் தேடுவார்கள். அவர் செய்து தந்ததைச் சுற்றி கிரில் போட்டுப் பூட்டுவார்கள். அப்படிச் சில சதுரங்களை நானே வரைந்திருக்கிறேன்.

இசாமு நொகுச்சி என்ற சிற்பி இந்தச் சதுரத்துக்குள் அடங்கவில்லை. ஜப்பானின் சப்போரோ நகர நடுவே ஓடோரி பூங்கா நீளமாகப் போகிறது. குறுக்குத் தெருக்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. தன்னுடைய சறுக்குமரத்தை வைக்க அவர் காட்டிய இடம், 8ஆம் துண்டுக்கும் 9ஆம் துண்டுக்கும் நடுவே இருந்த தெரு. சரி என்று தெருவை மூடி இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 1992 முதல் அங்கே சுருள் சுருளான கறுப்பு கிரானைட் கல் நிற்கிறது. பின்பக்கம் படியேறி, முன்பக்கம் சுழன்று வழுக்கி வரலாம். பிள்ளைகளின் கால்சட்டை தேய்த்துத் தேய்த்தே கல் பளபளக்கிறது. (நம் ஊர் வெயிலில் அப்படியே வைத்தால் தொடை வெந்துவிடும், அது வேறு கதை.)

அவருடைய கண் தரையின் மேலேயே இருந்தது. 1933இலேயே நியூயார்க்குக்கு 'விளையாட்டு மலை' ஒன்றை வரைந்தார்: ஊஞ்சல், சீசா எதுவும் இல்லை, நிலமே ஏறி இறங்கும். பூங்காத் துறையின் ராபர்ட் மோசஸ் அதை ஏற்கவில்லை. 1988இல் சப்போரோ, குப்பை கொட்டிவந்த மொயெரெனுமா நிலத்தைக் காட்டியது. ஏறக்குறைய 189 ஹெக்டேரையும் ஒரே சிற்பமாக வரைந்து கொடுத்துவிட்டு அந்த டிசம்பரிலேயே இறந்துபோனார். 2005இல் வேலை முழுதாக முடிந்தபோது அந்த விளையாட்டு மலையும் 30 மீட்டர் உயரத்தில் எழுந்திருந்தது.

நாமோ குளம் தோண்டிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொட்டக் காசு கொடுக்கிறோம். அப்புறம் அடுத்த பில்லில் மேடு போட மண் வாங்குகிறோம். நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்து லெவல் எடுக்கும் நாளிலேயே சிற்பி பக்கத்தில் இருந்தால் அந்த மண் வெளியே போகாது.

போன வருடம் ஜேசிபி வருவதற்கு முன்பே ஒரு கல்தச்சரை மனைக்கு அழைத்துப்போனேன். காலி நிலத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு, "மத்தியானம் நிழல் எந்தப் பக்கம் விழும் சார்?" என்றார். என் வரைபடத்தில் அதற்குப் பதில் இல்லை.