பர்லியாறில் மண் சரிந்தால் உங்கள் டேலி கணக்கு எங்கே இருக்கும்?

நீலகிரியில் கம்ப்யூட்டர் கெட்டுப்போவது பெரிய விஷயமில்லை. கெட்டுப்போன அன்று ரோடும் அடைத்திருப்பதுதான் விஷயம். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் மண் சரிந்தபோது பர்லியாறு வழியே வரும் மேட்டுப்பாளையம் ரோடும் மலை ரயிலும் சேர்ந்தே நின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. கோயம்புத்தூர்க் கடைக்காரருக்கு மாற்று மதர்போர்டு அன்று மாலையே கிடைத்துவிடும், இங்கே அது மலை ஏறி வர வேண்டும். ஃபைபர் லைனும் பெரும்பாலும் அதே மலைப்பாதை ஓரமாகத்தான் வருகிறது. இரண்டு கம்பெனி கனெக்‌ஷன் வைத்திருப்பவர்கள் ஒருமுறை வெளியே போய் அண்ணாந்து பாருங்கள், இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

அதனால் மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு: டேட்டாவின் ஒரு நகல் மலைக்குக் கீழே, மறுபடி ஓட்டத் தேவையான சாமான் எல்லாம் மலைக்கு மேலே. நகலை மேலேயே பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, ரிப்பேருக்கு மட்டும் கீழே ஆள் தேடுவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிறது.

எவ்வளவு இழந்தால் தாங்கும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் பறித்து வந்த கொழுந்து கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்காது. மாதம் முழுக்கச் சேர்ந்த எடையை வைத்துத்தான் விவசாயிக்குப் பட்டுவாடா. 20-ம் தேதி டிஸ்க் போனால் இருபது நாள் எடையும் போச்சு, பிறகு ஆளுக்கொரு சீட்டோடு ஆபீஸ் வாசலில் வாக்குவாதம்தான். அங்கே ஒரு நாளுக்கு மேல் இழக்கவே கூடாது, கார்பன் வைத்த எடைச்சீட்டுப் புத்தகமும் எப்போதும் கையிருப்பில் வேண்டும். லாட்ஜ், ஹோம்ஸ்டே என்றால் அடுத்த 15 நாள் புக்கிங்கை தினமும் இரவு ஒரு தாளில் பிரிண்ட் எடுத்தாலே சீசன் கூட்டத்தில் ஒரு நாள் சமாளிக்கலாம். வெளிநாட்டு விருந்தினர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு ஆன்லைனில் கொடுத்தாக வேண்டும் என்பதால், அந்த லாகின் ஒரே கம்ப்யூட்டரின் பிரவுசருக்குள் மட்டும் இருக்கக் கூடாது.

“கூகுள் டிரைவில்தான் சிங்க் ஆகிறதே?” என்பார்கள். சிங்க் பேக்கப் ஆகாது. பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் வந்து ஃபைலைப் பூட்டினால், பூட்டிய ஃபைலே டிரைவுக்கும் பத்திரமாக சிங்க் ஆகும். விண்டோஸின் காப்பி கருவியான ரோபோகாப்பியில் மிர் ஸ்விட்ச் போட்டு வைத்திருப்பதும் இதே ஆபத்துதான்: இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். தேதி போட்ட தனித்தனி நகல்தான் காப்பாற்றும். தினசரி 7, வாராந்தரம் 4, மாதாந்தரம் 12 என்றால் மொத்தம் 23 ஃபைல். டேலி டேட்டாவைச் சுருக்கிப் பாஸ்வேர்டு போட்டது 500 எம்பி வந்தால்கூட 11.5 ஜிபிதான். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் அடங்கிவிடும், இதற்கென்று தனி அக்கவுன்ட் வைத்தால். 4 எம்பிபிஎஸ் அப்லோடில் அந்த 500 எம்பி ஏற ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும், கடை மூடும் நேரத்தில் விட்டால் போதும். ஆனால் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு இது போதாது. 2022 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும், அதை எழுத்தில் உறுதி சொல்லும் சேவையாகப் பார்த்து வாங்குங்கள்.

எடை சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸான எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸில் ஓடினால், ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டா இருக்கும் எம்டிஎஃப் ஃபைலைக் காப்பி அடிப்பது வேலைக்காகாது. எஸ்க்யூஎல்லே எடுத்துத் தரும் பேக்கப் ஃபைல்தான் வேண்டும். இலவசப் பதிப்பில் அதைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நாமே நேரம் குறிக்க வேண்டும். இன்னொன்று, ஃபேட்32-ல் ஃபார்மேட் ஆன பென் டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் ஏறாது.

வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி வாரம் ஒன்றாக மாற்றுங்கள், ஒன்று எப்போதும் கேபிள் கழற்றிய நிலையில் இருக்கட்டும். ஜிப் கவரில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள், நீல மணி ரோஸ் நிறமானால் மாற்ற வேண்டும். ஜனவரிக் குளிரில் இரும்பு பீரோவிலிருந்து எடுத்த டிஸ்கை ஹீட்டர் போட்ட அறையில் உடனே செருகினால் உள்ளே நீர் பூக்கும். கவரைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் மேசை மேல் வைத்துவிட்டுப் பிறகு செருகுங்கள்.

யூபிஎஸ் இருப்பதால் இடிக்குப் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். 600 விஏ யூபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, காகிதத்தில் 84 வாட் அவர். புதிதில் கால் மணி நேரம் தாங்கும். பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் சோர்ந்துவிடும், ஊட்டிக் குளிரில் தாங்கும் நேரம் இன்னும் குறையும். டேலியை மூடி ஷட்டவுன் செய்ய அது போதும், அவ்வளவுதான் அதன் வேலை. இடி லேன் கேபிள் வழியாகவும் உள்ளே வரும், குறிப்பாக எடை ரூமிலிருந்து ஆபீசுக்கு வெளியில் தொங்கவிட்ட கேபிளில். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபரும் இரண்டு முனையிலும் ஃபைபரை லேனாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரும் போட்டால் அந்த வழி அடைபடும்.

ஸ்பேர் கம்ப்யூட்டர் புதிதாக இருக்க வேண்டியதில்லை, ரீஃபர்பிஷ்டு மினி பிசி போதும். ஆனால் அதில் பிரிண்டர் டிரைவர், டேலி இன்ஸ்டாலர், தராசுக்கான யூஎஸ்பி சீரியல் கேபிள் மூன்றையும் முன்பே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். புது மெஷினில் தராசு சேரும் காம் போர்ட் எண் மாறிவிடும், சாஃப்ட்வேரோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும், எடை திரையில் பூஜ்யமாகவே நிற்கும். தராசின் முதுகிலேயே காம் எண், பாட் ரேட் (டேட்டா வரும் வேகம்) எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுவது உண்டு. மதர்போர்டு கருகி டிஸ்க் நன்றாக இருந்தாலும், 48 இலக்க ரெகவரி சாவி இல்லாமல் அதைத் திறக்க முடியாது. அந்தச் சாவி, ஜிப் ஃபைல் பாஸ்வேர்டு, போன் இல்லாதபோதும் உள்ளே நுழைய கூகுள் தரும் பேக்கப் கோடு எல்லாம் தாளில் எழுதி உறையில் இருக்கட்டும். பாஸ்வேர்டு கம்ப்யூட்டருக்குள்ளேயே நோட்பேடில் கிடப்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது.

மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், அதாவது இரண்டு மழைக்கும் முன்னால், கடிகாரம் வைத்து ஒருமுறை ரெஸ்டோர் செய்து பாருங்கள். ஸ்பேர் மெஷினில்தான் செய்ய வேண்டும். ஓடும் கம்பெனியின் ஃபோல்டர் மேலேயே ரெஸ்டோர் செய்தால் இன்றைய கணக்கு அழிந்து பழையது உட்கார்ந்துவிடும். டேலி பிரைமில் ஆல்ட் ஒய், ரெஸ்டோர், தனி ஃபோல்டர். “சக்சஸ்” என்று வந்ததும் மூடிவிடாதீர்கள். டே புக்கில் கடைசி வவுச்சர் எண்ணையும் ரொக்க இருப்பையும், பேக்கப் எடுத்த அன்று பிரிண்ட் எடுத்து வைத்த தாளோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒரு பில்லை நிஜமாகவே பிரிண்ட் போடுங்கள். முதல் தடவை எங்காவது மாட்டிக்கொண்டு அரை நாள் இழுக்கும், ரோடு திறந்திருக்கும்போதே இழுக்கட்டும்.