சாம்பலா, பீஜா? சுவரின் நிறத்தில் ஒளியின் பங்கு

நிற அட்டையில் தூய சாம்பலாகத் தெரிந்த வண்ணப்பூச்சு, சுவரில் பூசிக் காய்ந்ததும் நீலம் பாரித்துத் தெரிவது பலரும் சந்திக்கும் ஏமாற்றம். பூச்சைக் கலந்ததில் பிழை என்று எண்ணத் தோன்றினாலும், பெரும்பாலும் அறைக்குள் வரும் ஒளியே அதற்குக் காரணம்.

சாம்பல், பீஜ் (மணல் போன்ற வெளிர் பழுப்பு) ஆகிய இரண்டு வெளிர் பூச்சுகளுக்கும் வெண்மையைத் தருவது பொதுவாக டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் திறனின் அளவு, சுமார் 2.7, அதைச் சூழ்ந்துள்ள பிசினின் எண் சுமார் 1.5. இந்தப் பெரிய வேறுபாட்டால்தான் பூச்சுக்குள் புகும் ஒளி சிதறி வெளியே திரும்புகிறது. இதனுடன் சிறிது கரிக்கருமை சேர்ந்தால், அது எல்லா அலைநீளங்களையும் ஏறத்தாழச் சமமாக உறிஞ்சுவதால் சாம்பல் நிறம் கிடைக்கிறது. மஞ்சள், சிவப்பு இரும்பு ஆக்சைடுகள் சேர்ந்தாலோ, அவை நீல ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுவதால் பீஜ் பிறக்கிறது.

ஆகவே சாம்பல் சுவர் தன் மேல் விழும் ஒளியின் நிறத்தை அப்படியே திருப்பித் தருகிறது. ஒளியின் நிறச்சாய்வை நிறவெப்பநிலை என்ற அளவால் குறிப்பார்கள்; எண் கூடினால் ஒளி நீலமாகவும், குறைந்தால் மஞ்சளாகவும் இருக்கும். நேர் வெயில் படாத சன்னல் வழியே வரும் நீலவான ஒளியின் நிறவெப்பநிலை 10,000 கெல்வினையும் தாண்டக்கூடும். இதமான மஞ்சள் விளக்கினுடையதோ சுமார் 2,700 கெல்வின். நம் பார்வை ஒளிக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திருத்தம் முழுமையானதன்று. மாலையில் சன்னல் ஒளியும் விளக்கொளியும் ஒரே அறையில் கலக்கும்போது, கண்ணால் இரண்டுக்கும் ஒருசேர ஈடுகொடுக்க முடிவதில்லை. அந்த வேளையில் சன்னலோரச் சாம்பல் நீலமாகத் தெரிவதில் வியப்பில்லை. பீஜில் இயல்பாகவே உள்ள மஞ்சள் சாய்வு அந்த நீலத்தை ஓரளவு ஈடுசெய்கிறது. மஞ்சள் விளக்கின் கீழ் அதே சாய்வு மிகையாகிவிடுகிறது.

பீஜ் ஏமாற்றும் விதம் வேறு. ஒரு பூச்சு சிவப்பொளியில் 70 விழுக்காட்டையும் நீல ஒளியில் 50 விழுக்காட்டையும் பிரதிபலிப்பதாகக் கொள்வோம். ஒருமுறை பட்டுத் திரும்பிய ஒளியில் இவற்றின் விகிதம் 1.4. அதே ஒளி எதிர்ச்சுவரில் பட்டு மீண்டும் திரும்பும்போது 49-க்கு 25, அதாவது ஏறக்குறைய 2. நான்கு சுவர்களுக்கும் ஒரே நிறத்தைப் பூசிய அறையில் இந்தப் பெருக்கம் ஓயாமல் நடப்பதால், அட்டையில் மென்மையாக இருந்த பீஜ் அறையில் அடர்ந்துவிடுகிறது. ஒரு படி வெளிறிய சாயலைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்று நான் கருதுவதற்கு இதுதான் காரணம்.

அருகிலுள்ள நிறமும் குறுக்கிடும். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் மங்கியிருப்பதாக எழுந்த புகாரை ஆராய்ந்த வேதியியலாளர் ஷெவ்ரல், சாயத்தில் குறையில்லை, பக்கத்திலிருந்த நிறங்களின் விளைவே அது என்று கண்டு, 1839-இல் அதை விரிவாக நூலாக்கினார். செம்மரத் தளத்தின் அருகே சாம்பல் நிறம் நீலப்பச்சையாகச் சாய்வதும் இதே விளைவுதான்.

எனவே இரண்டு பெரிய அட்டைகளில் ஒரே பூச்சை இருமுறை பூசிக் காயவைத்து, அறையின் மூலையில் ஒன்றையொன்று நோக்கும்படி செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். காலையில் ஒருமுறையும், அந்த அறையில் அதிக நேரம் இருக்கும் வேளையில் அங்கு எரியப்போகும் அதே விளக்கின் கீழ் மறுமுறையும் பார்ப்பது அவசியம்.