பத்தாம் ஆண்டில் நிறை பார்த்ததற்குப் பிறகு

அவருக்கு 29 வயது. திருகோணமலை பட்டினத்தில் ஓட்டோ ஓடுபவர். கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு சிறு புண், மூன்று கிழமையாக ஆறவில்லை என்று வந்திருந்தார். களிம்பு வாங்கிப் பூசியிருக்கிறார், மஞ்சளும் வைத்துக் கட்டியிருக்கிறார். புண்ணைக் கழுவ முன்னம் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தோம். இரத்தத்தில் சீனி மிகக் கூடியிருந்தது, மெஷின் 312 காட்டியது.

"கடைசியா எப்ப தம்பி உங்கட நிறையைப் பார்த்தது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "பள்ளிக்கூடத்தில பார்த்தாங்க டொக்டர். பத்தாம் ஆண்டில, எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி."

"பிறஷர்?"

"அது ஒருநாளும் பார்க்கல்ல."

இந்தக் கேள்வியை நான் இப்போது முப்பது வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு ஆணிடமும் கேட்கிறேன். பதில் பெரும்பாலும் இதுதான். தராசில் ஏறி இறங்கியது பள்ளிக்கூடத்தில். அதற்குப் பிறகு விபத்து, காய்ச்சல், கடியன் கடித்தது என்று வைத்தியசாலைக்கு வந்திருப்பார்கள். ஆனால் ஒரு வருத்தமும் இல்லாத நேரத்தில் அவர்களுடைய உடம்பை யாரும் பார்த்ததில்லை.

எங்கள் நாட்டின் பொதுச் சுகாதார சேவை ஒரு பிள்ளையை எப்படிப் பின்தொடர்கிறது என்று பாருங்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே பதிவு. பிறந்த பிறகு குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். நிறை அட்டையில் புள்ளி வைத்துக் கோடு கீறுகிறோம். பாடசாலைக்குப் போனதும் தரம் 1, 4, 7, 10 என்று மருத்துவப் பரிசோதனை. தரம் 6 பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியும் உண்டு. இவ்வளவும் இலவசம். உலகில் எங்களை விடப் பணக்கார நாடுகள் பலவற்றில் கூட இல்லாத ஒழுங்கு இது, அதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

தரம் 10 முடிந்ததும் அந்தக் கோடு நின்றுவிடுகிறது. பெண் என்றால் கர்ப்பம் தரிக்கும்போது மறுபடியும் எங்கள் கைக்கு வருவாள். நிறை, பிறஷர், சீனி எல்லாம் பார்ப்போம். 35 வயதில் பெண்களைப் பரிசோதிக்கும் சுவநாரி கிளினிக் இருக்கிறது. ஆணுக்கு அடுத்த அழைப்பு 35 வயதுக்கு மேல்தான். 2011 முதல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் முதன்மையாக அந்த வயதினருக்கானவை. அழைப்பு வந்தாலும் அவர்கள் வருவதில்லை. எங்கள் நிலையத்து வாங்கில் காலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆண்கள் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

அப்படியானால் ஒரு இளைஞனின் வாழ்க்கையில் ஏறத்தாழ இருபது வருடம் யாரும் பார்க்காமல் கழிகிறது. நாங்கள் நாற்பது, ஐம்பது வயதில் கண்டுபிடிக்கும் வருத்தங்கள் உருவாவது அந்த இருபது வருடத்தில்தான்.

நாடு இதை எண்ணாமல் இல்லை. வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' முறையில் ஆய்வு நடக்கிறது. முதலில் கேள்விகள், அடுத்து உயரம், நிறை, இடுப்பு, பிறஷர், கடைசியாக இரத்தப் பரிசோதனை. பாடசாலை மாணவர்களுக்கு வேறொரு ஆய்வு இருக்கிறது. 13 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் வகுப்பறையில் இருந்தே பெயர் எழுதாமல் விடை எழுதுவார்கள். 2015ஆம் ஆண்டின் ஸ்டெப்ஸ் ஆய்வில் ஆண்களில் ஏறத்தாழ 45 வீதமானோர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பாவிப்பவர்கள், பெண்களில் ஏறத்தாழ 5 வீதம். வளர்ந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம். போதிய மரக்கறியும் பழமும் சாப்பிடாதவர்கள் பத்துக்கு ஏழு பேர். 2018-2019 காலத்தில் நடந்த இன்னொரு நாடளாவிய ஆய்வு வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்குச் சீனி வருத்தம் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. இலங்கையில் நிகழும் மரணங்களில் 80 வீதத்துக்கும் மேல் தொற்றா நோய்களால்.

ஆனால் ஆய்வு ஒரு மாதிரியைத்தான் பார்க்கும். அது நாட்டுக்கு எண்ணிக்கையைச் சொல்லும். என் முன்னால் இருந்த அந்தத் தம்பியைத் தேடிப் போகாது.

அவரோடு உட்கார்ந்து ஒரு நாளைக் கணக்குப் பார்த்தேன். காலையில் ஸ்டாண்டுக்கு வந்ததும் ஒரு பிளேன்ரீ. பத்து மணிக்கு ஒன்று, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, பின்னேரம் ஒன்று, இரவு ஓட்டம் இருந்தால் இன்னொன்று. ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. பதினைந்து கரண்டி. ஒரு கரண்டி 4 கிராம் என்று வைத்தாலும் 60 கிராம். வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது, முடிந்தால் 25 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தேநீரிலேயே அது முடிந்துவிட்டது. வெயிலுக்குக் குடிக்கிற சோடாவை இன்னும் எண்ணவில்லை.

சோடாப் போத்தலில் ஒரு சிறு வட்டம் இருக்கிறது. 2016 முதல் எங்கள் நாட்டுச் சட்டப்படி போட்டிருக்கிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. நான் கேட்ட பிள்ளைகளில் பலர் அதைக் கம்பனியின் அடையாளம் என்று நினைத்திருந்தார்கள். சிவப்பு வட்டம் போட்ட 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்தால் பத்துக் கரண்டிக்கு மேல் சீனி உள்ளே போகிறது. ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு வெறும் கிளாஸில் பத்துக் கரண்டி சீனியைப் பிள்ளைகள் முன்னால் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் ஒரு மணித்தியாலம் பேசுவதை விட அது மனதில் நிற்கும்.

இரவுச் சாப்பாடு கொத்து, இல்லாவிட்டால் பராட்டா. கோதுமை மாவை ஆக்குகிற பெரிய ஆலை எங்கள் சீனக்குடாவில்தான் இருக்கிறது, ஆனால் கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. தம்பலகாமத்து நெல்லும் குரக்கனும் பயறும் இருக்கிற மாவட்டத்தில் பான் எப்படி மூன்று வேளைச் சாப்பாடாக வந்தது என்பது தனிக் கதை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் மீனும் முட்டையும் குறைந்து, வயிறு நிரப்ப மாச்சாப்பாடு கூடியதை நான் தாய்மாரிடம் கேட்டுக் கேட்டே அறிந்தேன். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

மாவாவைப் பற்றி மட்டும் கடுமையாகத்தான் எழுதுவேன்.

பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு சேர்த்துச் சிறு பைக்கற்றில் கைமாறுகிறது. 2016இல் இருந்து இந்த மாதிரி மெல்லும் புகையிலைப் பொருட்களின் விற்பனை சட்டப்படி தடை. அப்படியிருந்தும் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களின் வாயில் அதைக் காண்கிறேன். "புகையிலை இல்லை டொக்டர், பாக்கு மட்டும்தான்" என்று சொல்வார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள். இலங்கை ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அது வர முன்னம் வாயின் உட்தோல் மெல்ல மெல்ல வெளிறி இறுகத் தொடங்கும். உறைப்புச் சாப்பிட்டால் எரியும். பிறகு வாய் திறபடாது. வீட்டிலேயே பார்க்கலாம்: உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பற்களுக்கிடையில் வையுங்கள். மூன்றும் போகவேண்டும். இரண்டுதான் போகிறது என்றால் அன்றே பல் வைத்தியரிடம் போங்கள். இறுகிய தோல் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்க வழி இருக்கிறது. கன்னத்தில் வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ இரண்டு கிழமைக்கு மேல் இருந்தாலும் பல் வைத்தியரிடம் போங்கள்.

பெண்களைப் பற்றி ஒன்று. நடக்கச் சொல்லி நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். கிழமைக்கு 150 நிமிடம் என்று சொல்வது எங்களுக்கு லேசு. பட்டினத்தில் இருப்பவர்கள் டச்சுக் குடாக் கரையிலோ உட்துறைமுக வீதியிலோ பின்னேரம் நடக்கலாம். மூதூரில், கிண்ணியாவில், சம்பூர்ப் பக்கத்தில் இருக்கிற ஒரு ராத்தா, ஒரு அக்கா, வீதியில் சும்மா நடந்தால் "எங்க போறாய்?" என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் அவர்கள் நடப்பதில்லை, பாதுகாப்பாக உணராததாலும் நடப்பதில்லை. ஒரு கிராமத்தில் ஆறு பெண்கள் சேர்ந்து பாடசாலை மைதானத்தைப் பிள்ளைகள் போன பிறகு கேட்டு வாங்கி நடக்கிறார்கள். அதிபர் சாவியைக் கொடுத்தார், அவ்வளவுதான். செலவு ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கு நித்திரையைக் கெடுக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வருடம் கழித்துப் பரிசோதித்தபோது, சீனியைக் கையாளும் சக்தி மற்றவர்களை விட அவர்களுக்குக் குறைவாக இருந்தது. தாயின் வயிற்றில் பசியைப் பழகிய உடம்பு, பிறகு நிறையச் சாப்பாடு கிடைக்கும்போது தடுமாறுகிறது. இப்போது எங்கள் பக்கத்தை யோசியுங்கள். 2006இல் சம்பூரிலும் மூதூரிலும் இருந்து இடம்பெயர்ந்து, முகாமிலும் மரநிழலிலும் பிள்ளை சுமந்த தாய்மார் எத்தனை பேர். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயதளவு. சோடாவும் கொத்தும் போனும் கையில் இருக்கிற வயது. யாரும் பார்க்காத அந்த இருபது வருடத்துக்குள் இப்போதுதான் நுழைந்திருக்கிறார்கள்.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலைப் பரிசோதனையில் தரம் 10 பையன் ஒருவனின் கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருந்ததைக் கண்டேன். ஊத்தை என்று நினைத்துத் தாய் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். அது ஊத்தையல்ல, உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இசையவில்லை என்பதன் அடையாளம். துண்டு எழுதிக் கொடுத்தேன். கிளினிக்குக்கு வந்தானா என்று நான் பிறகு விசாரிக்கவில்லை. அன்றைக்கு இன்னும் அறுபது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள் என்பது காரணம்தான், ஆனால் அதைச் சொல்லி என்னால் ஆறுதல் அடைய முடியவில்லை. இப்போது துண்டு கொடுத்த பிள்ளைகளின் பெயரைத் தனிக் கொப்பியில் எழுதுகிறேன். மாதம் முடிய, வராதவர்களின் வீட்டுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் மூலம் சொல்லி அனுப்புகிறேன். உங்கள் பிள்ளையின் கழுத்தையும் கமக்கட்டையும் ஒருமுறை பாருங்கள்.

தராசு வீட்டில் இல்லாதவர்கள் ஒரு நூல் எடுங்கள். உச்சி முதல் குதிக்கால் வரை உங்கள் உயரத்துக்கு வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து, தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். நுனிகள் இரண்டும் தொட்டால் நல்லது. தொடவில்லை என்றால் வயிற்றில் கொழுப்புக் கூடியிருக்கிறது, ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும்கூட. எங்கள் தெற்காசிய உடம்புக்கு இது முக்கியம். வெள்ளைக்காரரை விடக் குறைந்த நிறையிலேயே எங்களுக்குச் சீனி வருகிறது.

அந்த ஓட்டோத் தம்பிக்கு இப்போது புண் ஆறிவிட்டது. குளிசை போடுகிறார். தேநீருக்கு ஒரு கரண்டியாகக் குறைத்து, பிறகு அதையும் விட்டார்; இரண்டு கிழமை வாய்க்குப் பிடிக்கவில்லையாம், மூன்றாவது கிழமையில் பழகிவிட்டது. ஸ்டாண்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் பார்க்க வரச்சொல்லி அவர்தான் கேட்டார். ஒரு சனிக்கிழமை காலை பிறஷர் மெஷினோடு போனோம். பத்தொன்பது பேரைப் பார்த்தோம். நால்வருக்கு 140/90க்கு மேல் இருந்தது, அதில் ஒருவருக்கு 24 வயது. ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதால் மூவரை மறுபடியும் கூப்பிட்டோம், ஒருவரை அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினோம்.

35 வயது ஆகவில்லை என்று தயங்க வேண்டாம். தாய் தகப்பனுக்குச் சீனியோ பிறஷரோ இருந்தால், புகைத்தால், பாக்குப் போட்டால், நூல் தொடவில்லை என்றால், 20 வயதிலேயே கேட்டு வாருங்கள், நான் பார்ப்பேன். முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணித்தியாலமாவது ஒன்றும் சாப்பிடாமல், தேநீர் குடிக்காமல் வரவேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். வெறும் வயிற்றில் சீனி 100க்குக் கீழே என்றால் நல்லது, 126 அல்லது அதற்கு மேல் இன்னொரு தடவையும் வந்தால் சீனி வருத்தம், இடையில் நின்றால் இப்போதே திருத்தலாம். இரவில் கடலுக்குப் போய் விடிய வருகிறவர்கள் வள்ளத்தில் தேநீர் குடித்திருப்பீர்கள். அதை மறைக்காமல் சொல்லுங்கள், அடுத்த கிழமைக்கு நாள் குறித்துத் தருவோம். கிளினிக் கொப்பி இல்லாவிட்டால் பரவாயில்லை, அடையாள அட்டையும் போன் நம்பரும் போதும். வரும்போது தம்பி இருந்தால் அவனையும் கூட்டி வாருங்கள்.