‘சி’ படிவம்: காட்டை நிர்வகிக்கும் உரிமை ஊருக்கு வருவது எப்படி

வன உரிமைச் சட்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உழுத காட்டுநிலத்துக்குக் கிடைக்கும் பட்டாதான். அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரையிலான அந்தத் தனிநபர் உரிமையைக் கேட்டே மனுக்கள் குவிகின்றன. ஊரே சேர்ந்து காட்டைப் பராமரிக்கவும், யார் எதை எப்போது எடுக்கலாம் என்று விதி வகுக்கவும், எடுத்ததை விற்கவும் அதே சட்டம் வழி செய்திருக்கிறது. பிரிவு 3(1)(ஐ) தரும் அந்த உரிமைக்குச் சமூக வன வள உரிமை என்று பெயர். அதைக் கோரும் மனுதான் ‘சி’ படிவம்.

சட்டம் 2006 டிசம்பரில் நிறைவேறி, 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2008-ல் வந்த விதிகள் 2012 செப்டம்பரில் திருத்தப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008-ம் ஆண்டு இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016-ல் அந்தத் தடை நீங்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது.

“எங்க ஊர்லதான் ஏற்கெனவே வனக்குழு இருக்கே” என்று சிலர் கேட்பார்கள். அது வேறு. கூட்டு வன மேலாண்மையின் கீழ் வரும் கிராம வனக்குழுவை அமைப்பதும் நடத்துவதும் வனத்துறை. திட்டப் பணம் தீர்ந்தால் குழுவும் ஓய்ந்துவிடும். சமூக வன வள உரிமையில் அதிகாரம் கிராம சபையிடம் இருக்கிறது. அதைத் தந்தது அரசாணை அல்ல, நாடாளுமன்றச் சட்டம். சில மாநிலங்களில் உரிமைப் பத்திரத்தையே வனக்குழுவின் பெயருக்குக் கொடுத்த கூத்தும் நடந்திருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான். கிராம சபையின் பெயர் இல்லை என்றால் அங்கேயே ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எதுவானாலும் கோரலாம். ஊரின் வழக்கமான எல்லைக்குள் இருக்கிறதா, மக்கள் காலங்காலமாகப் போய்வந்த இடமா என்பதுதான் கேள்வி. பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஆனால் ஊரில் எல்லோரும் தகுதி காட்டத் தேவையில்லை. பழங்குடியினரோ, இப்படி 75 ஆண்டு வாழ்ந்த மரபுவழி வனவாசிகளோ ஒருசிலர் இருந்தாலே கோரிக்கை வைக்கப் போதும் என்று ‘சி’ படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

ஏ, பி, சி என மூன்று படிவங்கள். ‘ஏ’ தனிநபருக்கு. ‘பி’ மேய்ச்சல், மீன், சிறுவன மகசூல் (தேன், நெல்லிக்காய் போல மரம் அல்லாத காட்டு விளைபொருள்) போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு. ‘சி’ காட்டின் நிர்வாகத்துக்கு. ‘பி’ மட்டும் போட்டுவிட்டு எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. நெல்லிக்காய் பொறுக்கும் உரிமை இருக்கும், அந்த நெல்லிமரத்தை யார் எப்படிப் பராமரிப்பது என்று முடிவெடுக்கும் உரிமை இருக்காது. இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

முதல் வேலை கிராம சபை. மலை ஊர்களில் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். ஊராட்சியின் கிராம சபை மலையடிவாரத்தில் கூடும், மேலே இருக்கும் முப்பது வீட்டுக் குடியிருப்பின் குரல் அங்கே எடுபடாது. ஆவணத்தில் ஏறாத குடியிருப்புகளும் வன கிராமங்களும் இந்தச் சட்டத்துக்குத் தனிக் கிராமமாகவே தீர்மானம் போட்டுக்கொள்ள விதி 2ஏ இடம் தருகிறது. கூட்டத்தில் மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கையெழுத்து எண்ணிக்கை ஒன்றிரண்டு குறைந்தாலும், கோரிக்கையை அடுத்துப் பரிசீலிக்கும் வருவாய்க் கோட்ட அளவிலான குழுவிடமிருந்து (கோட்டக் குழு) கோப்பு திரும்பி வரும்.

அடுத்து, 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழு. மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எல்லை நடக்க வேண்டியது இந்தக் குழு. மேசையில் உட்கார்ந்து வரைந்த வரைபடம் கள ஆய்வில் உடைந்துவிடும். மாடு மேய்த்தவர்கள், தேன் எடுத்தவர்கள், கிழங்கு தோண்டிய பெண்கள் முன்னே நடக்க, ஓடை சேரும் இடம், பேர் வைத்த பாறை, சாமி மரம், இடுகாடு, பழைய ஊர்த்திட்டு ஒவ்வொன்றிலும் நின்று, ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, உள்ளூர்ப் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். இவையெல்லாம் விதி 13 ஏற்கும் சான்றுகள். குறைந்தது இரண்டு சான்று வேண்டும், பெரியவர்களின் எழுத்துமூல வாக்குமூலம் அதில் ஒன்றாக இருக்கலாம். செயற்கைக்கோள் படம் துணைச் சான்றுதான். அதை மட்டும் காட்டி மறுக்க முடியாது. எல்லையில் பக்கத்து ஊரோடு தகராறு வந்தால் இரண்டு ஊர்க் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும், தீராவிட்டால்தான் கோட்டக் குழுவுக்குப் போகும்.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வந்தவர்கள் கையெழுத்திட வேண்டும். ‘நாங்கள் இல்லாதபோது ஆய்வு நடந்தது’ என்று பின்னால் ஆட்சேபித்தால் ஒருமுறை மறு ஆய்வு உண்டு. அதற்கும் வராவிட்டால் கிராம சபையின் முடிவே இறுதி. இது விதி 12ஏ. அந்த ஒப்புகைச் சீட்டுதான் அப்போது காப்பாற்றும்.

தீர்மானம் கோட்டக் குழுவுக்குப் போய், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் முடிவாகும். கோரிக்கை அரைகுறையாக இருந்தால் நிராகரிக்காமல் கிராம சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மறுப்பு என்றால் கோரியவரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும், மேல்மனுவுக்கு 60 நாள் அவகாசம்.

பத்திரம் வந்த பிறகுதான் உண்மையான வேலை. விதி 4(1)(இ)-ன்படி கிராம சபை ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்து மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். நூறு பக்க அறிக்கை தேவையில்லை. மூங்கில் இருக்கிறதா? மழைக்காலத்தில் குருத்து கிளம்பும்போது வெட்டக் கூடாது. இந்த வருடக் கழியையும் போன வருடக் கழியையும் தொடக் கூடாது. தரையை ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அடிக்கட்டையில் தண்ணீர் தேங்கி அழுகாது. மலைத்தேன் என்றால் தேன் நிற்கும் தலைப்பகுதியை மட்டும் அறுத்து, புழு இருக்கும் அடையை விட்டுவிட வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டிய தேன் புளித்துவிடும், அதனால் மழை பிடித்த பிறகு எடுப்பது வீண். இப்படி நான்கு வரி தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் அதுவும் திட்டம்தான்.

மூங்கில் தாவரவியலில் புல். பழைய இந்திய வனச் சட்டம் அதை வெகுகாலம் மரமென்றே நடத்தியது. வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூல் பட்டியலில் மூங்கிலை வெளிப்படையாகச் சேர்த்தது. சிறுவன மகசூலை வெளியே கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டைக் கொடுப்பதும் கிராம சபையின் பாதுகாப்புக் குழுதான். விற்பனை மரத்துக்கு இதில் இடமில்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா-லேகா கிராமம் 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு உரிமை பெற்றது. ஆனாலும் மூங்கிலுக்கான அனுமதிச் சீட்டுப் புத்தகம் 2011 ஏப்ரலில்தான் கைக்கு வந்தது. அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வர வேண்டியிருந்தது. பத்திரமும் சீட்டும் இரண்டு தனிப் போராட்டங்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். சந்திரபூர் மாவட்டத்தின் பச்காவ், மூங்கில் வருமானம் வந்த பிறகு பீடி இலை சேகரிப்பைத் தானே நிறுத்தியது. இலைக்காகக் கிளை ஒடிப்பதும் துளிருக்காகத் தீ வைப்பதும் காட்டைக் கெடுக்கின்றன என்று ஊர் முடிவு செய்தது. ஒரு வருமானம் நிலையாக இருந்ததால்தான் இன்னொன்றை விட முடிந்தது.

நம் எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில், 2011-ல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோலிகர் (நம் பக்கம் சோளகர்) பழங்குடியினருக்குச் சமூக உரிமை கிடைத்தது. கோடையில் தரைச்சருகுக்கு மட்டும் வைத்துவந்த சிறு தீயை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி (லாண்டானா என்ற களைப்புதர்) காடெங்கும் மண்டியது என்பது அவர்கள் வாதம். அந்த மலைத்தொடரின் இந்தப் பக்கம், சத்தியமங்கலத்துச் சோளகர் ஊர்களிலும் உண்ணிச்செடி அப்படித்தான் நிற்கிறது. அதை எப்படி அகற்றுவது என்று மேலாண்மைத் திட்டத்தில் எழுதி, வேலை உறுதித் திட்டத்தில் ஆள் கேட்க முடியும்.

கடைசியாக ஒரு தாள் வேலை. பத்திரம் கொடுத்த மூன்று மாதத்துக்குள் வருவாய்த் துறையும் வனத்துறையும் இறுதி வரைபடம் போட்டுத் தங்கள் ஆவணங்களில் ஏற்ற வேண்டும். கேட்காமல் அது பெரும்பாலும் நடப்பதில்லை. கிராம சபையின் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் எடுக்க அதே சமயத்தில் அலையத் தொடங்குங்கள். வியாபாரி காசோலை நீட்டும் நாளில் கணக்கு இல்லாவிட்டால் பணம் தனியார் ஒருவர் கணக்குக்குப் போகும், ஊரில் சண்டை அன்றே ஆரம்பிக்கும்.