குளுட்டன் ஃப்ரீ ஜிஞ்சர்பிரெட் குக்கி: தமிழில் எப்படிச் சொல்வது?

டிசம்பர் வந்துவிட்டால் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் வீடுகளில் சுக்கு, பட்டை, கிராம்பு மணம்தான். மனித உருவிலும் நட்சத்திர வடிவிலும் வெட்டி, ஓவனில் சுட்டு, மேலே வெள்ளைச் சர்க்கரைக் கோலம் போடுவார்களே, அதுதான் ஜிஞ்சர்பிரெட் குக்கி. கோதுமை ஆகாதவர்களுக்காக அதையே குளுட்டன் ஃப்ரீயாகவும், அதாவது கோதுமையில் உள்ள குளுட்டன் (தமிழில் பசையம்) இல்லாமலும் செய்கிறார்கள். இந்தப் பெயருக்கு ஒரு இயந்திர மொழிபெயர்ப்பு 'பசையம் இலவசம்' என்று தந்ததைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. கோதுமை சாப்பிட்டால் குடல் புண்ணாகிவிடும் ஒருவர் அதைப் படித்து என்ன புரிந்துகொள்வார்?

ஜிஞ்சரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நம் பக்கத்திலிருந்து போன சொல். ஆங்கில ஜிஞ்சருக்குப் பின்னால் இலத்தீன் ஜிஞ்சிபெர், அதற்குப் பின்னால் கிரேக்க ஜிங்கிபெரிஸ், அதற்கும் பின்னால் பாலி மொழியின் சிங்கிவேர. சமஸ்கிருதத்தில் இது சிருங்கவேர. 'கொம்பு போன்ற உடல் கொண்டது' என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு, இஞ்சியைப் பார்த்தால் பொருத்தமாகவும் தோன்றும். ஆனால் அது சொல்லைக் கேட்ட பிறகு கற்பித்த பொருள், மூலம் தென்னிந்திய மொழியின் 'இஞ்சிவேர்' என்பதே மொழியியலாளர்கள் பலரின் முடிவு. தமிழிலும் மலையாளத்திலும் இஞ்சி இன்றும் இஞ்சிதான், வேரும் வேர்தான்.

அடுத்து பிரெட். இங்கேதான் அகராதிகள் வழுக்குகின்றன. 'இஞ்சி ரொட்டி' என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் இந்தச் சொல்லில் முதலில் ரொட்டியே கிடையாது. பின்னாளைய இலத்தீனில் ஜிஞ்சிப்ராட்டும் என்றால் பாகில் ஊறவைத்துப் பதப்படுத்திய இஞ்சி. அது பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு 'ஜிஞ்சர்பிரார்' போன்ற உருவில் வந்தது. அந்தப் 'பிரார்' ஆங்கிலேயர் காதுக்கு எந்தப் பொருளும் தரவில்லை, தெரிந்த சொல்லான பிரெட் ஆக்கிக்கொண்டார்கள். 14ஆம் நூற்றாண்டிலேயே பெயர் மாறிவிட்டது, 15ஆம் நூற்றாண்டில் பொருளும் மாறி, மசாலா சேர்த்த இனிப்புப் பண்டத்தைக் குறிக்க ஆரம்பித்தது. அந்தக் காலத்துச் செய்முறைகளில் தேனைக் காய்ச்சி, அதில் ரொட்டித் தூளைக் கொட்டிக் கிளறி, கட்டியாக்கி வெட்டுவார்கள். பேர் வந்த பிறகு பண்டத்துக்குள் ரொட்டி வந்து சேர்ந்திருக்கிறது என்றுகூடத் தோன்றுகிறது.

குக்கி, டச்சு மொழியில் 'சின்ன கேக்' என்று பொருள்படும் கூக்கியெவிலிருந்து வந்தது. அவ்வளவுதான்.

இப்போது குளுட்டன். இலத்தீனில் குளுட்டன் என்றாலே பசை, ஆங்கிலத்தில் பசையைக் குறிக்கும் குளூவும் அதன் உறவுதான். இத்தாலியின் பொலோனியாவில் பெக்காரி என்ற அறிஞர் கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக் கழுவிப் பிரித்துக் காட்டினார். அந்த ஆய்வு 1745இல் அச்சானது. மாவுச்சத்து வெள்ளையாகக் கரைந்து ஓடிவிடும், கையில் மிஞ்சுவது ரப்பர் போல இழுபடும் ஓர் உருண்டை. அதுதான் குளுட்டன், ஒரு புரதம். பரோட்டா மாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அதைச் செய்வது இதுதான். தமிழில் 'பசையம்' என்று வைத்திருக்கிறோம். இலத்தீன்காரர்கள் எதைப் பார்த்துப் பெயர் வைத்தார்களோ அதையே பார்த்து வைத்த பெயர், எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று.

ஆனால் பசை இருக்கும் இடமெல்லாம் பசையம் இல்லை. சுவரொட்டி ஒட்ட மைதாவைக் காய்ச்சுகிறார்களே, அதில் ஒட்டும் வேலையைப் பெரும்பாலும் செய்வது மாவுச்சத்து. செட்டிநாட்டுக் கவுனி அரிசி வெந்தால் பிசுபிசுவென்று ஒட்டும், அதில் பசையமே கிடையாது. எந்த அரிசியிலும் கிடையாது. கேழ்வரகு, கம்பு, சோளம், தினையிலும் இல்லை. கோதுமை, பார்லி, ரை (குளிர்நாடுகளில் விளையும் ஒரு தானியம்), இந்த மூன்றில்தான் பிரச்சினை. மைதாவும் ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்புறம் கட்டிப் பெருங்காயத்திலும் தூள் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

யாருக்கு ஆகாது? பசையம் பட்டால் குடல் புண்ணாகும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு. வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்று முன்பே சந்தேகப்பட்டிருந்த டிக்கெ என்ற குழந்தை மருத்துவர், தம் ஆய்வை 1950இல் முனைவர் பட்டத்துக்காக எழுதி வைத்தார்.

'ஃப்ரீ' என்பதை 'பசையம் நீக்கிய' என்று எழுதுவதும் சரியில்லை. அரிசி மாவிலிருந்து எதை நீக்குவது? 'பசையமில்லாத' அல்லது 'பசையமற்ற' என்பதே சரி. உணவுச் சட்டத்தில் இதற்கு ஓர் அளவும் உண்டு: கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருக்கக் கூடாது. அதனால்தான் கோதுமை அரைத்த மில்லிலேயே அரைத்த அரிசி மாவை நம்ப முடியாது. மாவு குறைவு என்பதும் வேறு விஷயம். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து எலிசன் லெப்குகென் என்ற ஜிஞ்சர்பிரெட்டில் கால் பங்காவது பாதாம் போன்ற கொட்டை வகை இருக்க வேண்டும், மாவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனாலும் அடியில் வைக்கும் மெல்லிய தகடு வழக்கமாகக் கோதுமையில் செய்தது.

நல்லவேளை, இந்த பிஸ்கட்டுக்குப் பசையம் அவ்வளவு தேவையும் இல்லை. உப்ப வேண்டிய ரொட்டிக்குத்தான் அந்த இழுவை முக்கியம், இது மொறுமொறுப்பாக உடைய வேண்டியது. அரிசி மாவோடு கொஞ்சம் மரவள்ளி மாவு, பிடித்துவைக்க ஒரு சிட்டிகை சாந்தன் பிசின், சுக்குப் பொடி, பட்டை, கிராம்பு, வெண்ணெய், முட்டை, கறுப்பான கரும்புப் பாகு. பிசைந்ததும் வெட்டாமல் ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வையுங்கள். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும், அவசரப்பட்டால் பல்லில் மணல் போல நறநறக்கும்.

செய்முறையைக் கவனித்தீர்களா? இதில் போடுவது இஞ்சி இல்லை, சுக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லான ஜிஞ்சர்தான், நமக்கோ 'காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு' என்று வேளை பிரித்துச் சொல்லும் அளவுக்கு இரண்டும் வேறு. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் இஞ்சி என்று எழுத வேண்டும்? பிஸ்கட்டுக்கு இலங்கையில் விசுக்கோத்து என்ற பழைய வழக்கு உண்டு. தனித்தமிழ் விரும்புகிறவர்கள் 'இருமுறை சுட்டது' என்ற பொருளில் ஈரட்டி என்பார்கள். எனக்கு பிஸ்கட்டே போதும், அது தமிழாகிப் பல காலமாயிற்று.

ஆக, 'பசையமில்லாச் சுக்கு பிஸ்கட்'. டப்பாவில் இப்படி எழுதி ஒட்டுங்கள். பசையம் என்ற சொல் இன்னும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை என்பதால், கீழே இன்னொரு வரியும் சேர்த்துவிடுங்கள்: 'கோதுமை, மைதா, ரவை, பார்லி, ரை எதுவும் சேரவில்லை.'