செல்லை எழுப்பியது மூலிகையா, பாக்டீரியாவா?

"இந்த மூலிகைச் சாறு எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றுநோயை அழிக்கிறது" என்ற செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் சோதனை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்களைத் தட்டில் வளர்த்து, சாற்றை விட்டு, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற, எதிர்ப்பு செல்கள் தகவல் அனுப்பப் பயன்படுத்தும் புரதங்கள் எவ்வளவு வெளிவருகின்றன என்று அளப்பார்கள். கூடியிருந்தால் 'தூண்டுகிறது'.

தூண்டப்படுவது உண்மைதான், ஆனால் எதனால்? அந்தச் செல்லின் மேற்பரப்பில் டிஎல்ஆர்-4 என்ற ஏற்பி இருக்கிறது. சில பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள எல்பிஎஸ் என்ற மூலக்கூறு பட்டதும், கிருமி வந்துவிட்டது என்று செல்லுக்குள் தகவல் அனுப்புவது அதன் வேலை. சீந்தில் கொடியில் இருந்து பிரித்த ஒரு பாலிசாக்கரைடும் (நீண்ட சர்க்கரைச் சங்கிலி) இதே ஏற்பி வழியாகச் செயல்படுவதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் எந்தச் செடியின் மேலும் பாக்டீரியா இருக்கும், சாறு எடுக்கும்போது அதன் எல்பிஎஸ்ஸும் கூடவே வரும், கொதிக்க வைத்தாலும் போகாது, ஒரு மில்லிலிட்டரில் 1 நானோகிராம் இருந்தாலே செல் விழித்துக்கொள்ளும். அதனால் எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின்-பி மருந்தைச் சேர்த்து அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். விளைவு மறைந்துவிட்டால், வேலை செய்தது அநேகமாக மூலிகை இல்லை. இந்த வகை ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது இந்தச் சோதனையைத்தான்.

சரி, மூலிகையேதான் தூண்டியது என்று வைத்துக்கொள்வோம். கட்டியைக் கொல்ல வேண்டியவை பெரும்பாலும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். அவற்றுக்குப் புற்றுச் செல்லை அடையாளம் காட்ட வேண்டும், அவை கட்டிக்குள் நுழைய வேண்டும், அங்கே பிடி-எல்1 போன்ற புரதங்கள் போடும் தடையையும் மீற வேண்டும். இன்டர்லூகின்-6 நீண்ட நாள் அதிகமாக இருந்தால் சில புற்றுகள் வளரவே அது உதவுகிறது! 'எதிர்ப்பு சக்தி கூடும்' என்று பொதுவாகச் சொல்வது எனக்குக் கவலை தருவது இதனால்தான்.

தாவரத்தில் இருந்து வந்து இந்தத் துறையில் வெகுதூரம் போனது க்யூஎஸ்-21. சிலி நாட்டைச் சேர்ந்த குயில்லாயா மரத்தின் பட்டையில் இருக்கும் சப்போனின் (சோப்புபோல நுரைக்கும் தாவரப் பொருள்) இது. சாறாக இல்லாமல், தனி மூலக்கூறாகச் சுத்தப்படுத்தி, தடுப்பூசியில் ஆன்டிஜெனோடு (எதிர்ப்பு செல்கள் அடையாளம் காண வேண்டிய பொருள்) சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதாவது எதைத் தாக்க வேண்டும் என்பதும் கூடவே சொல்லப்படுகிறது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்கி அம்மைத் தடுப்பூசியான ஷிங்ரிக்ஸில் இது இருக்கிறது. புற்றுநோயில் கதை வேறு. சில புற்றுச் செல்களில் காணப்படும் மேஜ்-ஏ3 என்ற ஆன்டிஜெனோடு, க்யூஎஸ்-21 அடங்கிய, எதிர்ப்பைத் தூண்டும் துணைக்கலவை ஒன்றைச் சேர்த்து, நுரையீரல் புற்று அறுவைசிகிச்சை முடிந்த 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய சோதனையில் நோய் திரும்புவது குறையவில்லை, 2014-இல் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் 2024-இல் ஈஸ்ட்டின் மரபணுக்களை மாற்றி, மரப்பட்டையே இல்லாமல் க்யூஎஸ்-21 முழுவதையும் தயாரித்துக் காட்டினார்கள். இனி மூலக்கூறின் ஒவ்வொரு பகுதியையும் மாற்றி மாற்றி, டி செல்களை எழுப்புவது எது, ஊசி போட்ட இடத்தில் வலியும் வீக்கமும் தருவது எது என்று தனித்தனியாகச் சோதிக்கலாம்.