தோள் நோவுக்குப் பின்னால் ஒரு பையும் ஊர்ப் பேச்சும்

இலங்கையின் வடக்கே வன்னியில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். தோள், கழுத்து, நாரி, முழங்கால் என்று நோவோடு வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். விழுந்தீர்களா, பாரம் தூக்கினீர்களா, சீனி வருத்தம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பதை நானும் கேட்பேன். அதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்வேன். என்ன பை கொண்டு திரிகிறீர்கள்? வேலைக்கு என்ன உடுத்துகிறீர்கள்? முதலில் சிரிப்பார்கள். அப்புறம் பதில் சொல்லத் தொடங்கினால் நோவின் பாதிக் கதை அதற்குள்ளேயே இருக்கும்.

நான் சொல்லும் மாற்றம் பல நேரம் மிகச் சின்னது. பையின் பட்டியை மாற்றுங்கள், சட்டைக்கு ஒரு பொக்கற் வையுங்கள், கயிற்றைத் தளர்த்துங்கள். காசும் பெரிதாகப் போகாது. ஆனாலும் பலர் செய்வதில்லை. காரணம் கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "ஆக்கள் என்ன சொல்லுவினம் மிஸ்?" இந்தக் கட்டுரை அந்த ஆக்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆண்களிடமிருந்து தொடங்குகிறேன். ஓட்டோ ஓடுகிறவர், மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போகும் உத்தியோகத்தர், நாள் முழுக்கக் கதிரையில் இருக்கும் கணக்காளர். இவர்களில் பலருடைய பின் பொக்கற்றில் தடித்த பேர்ஸ் ஒன்று இருக்கும். அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கி அட்டைகள், சாமிப் படம், எப்போதோ வாங்கிய பொருளின் ரசீது எல்லாம் அதற்குள். அதன் மேல் மணிக்கணக்காக உட்காரும்போது இடுப்பெலும்பு ஒரு பக்கம் உயர்கிறது. பின்புறத் தசைக்குக் கீழே காலுக்கு ஓடும் பெரிய நரம்பும் நெரிபடுகிறது. பின்புறத்தில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால் என்று இறங்கும் நோவு இதனாலும் வரலாம். 1978இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதிவிட்டார். கால் நோவெல்லாம் பேர்ஸால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கால் விறைத்துப் பலம் குறைந்தாலோ, சலம் மலம் போவதில் மாற்றம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதுவல்லாத பலருக்கு, உட்காரும்போது பேர்ஸை எடுத்து முன்னால் வைப்பதே பெரிய ஆறுதல்.

அதைவிட நல்ல வழி, உடம்புக்குக் குறுக்கே போடும் ஒரு சின்னப் பை. இதைச் சொன்னதும் முகம் மாறும். "பொம்பிளையள் மாதிரி பை கொழுவிக்கொண்டு திரியச் சொல்லுறியளோ?" என்று சிலர் நேராகவே கேட்பார்கள். எங்கள் தாத்தாமார் என்ன செய்தார்கள்? பனையோலையில் இழைத்த கொட்டைப்பெட்டியில் காசையும் வெற்றிலை பாக்கையும் வைத்து மடியில் செருகினார்கள். சந்தைக்குப் போனால் உமல் என்ற பனையோலைப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர்களின் ஆண்மையில் யாரும் குறை கண்டதில்லை. பை பெண்ணுக்கு மட்டுமே உரியது என்ற நினைப்பு எங்கள் பரம்பரைச் சொத்து இல்லை. ரவுசர் பொக்கற்றோடு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

பெண்களின் நிலை இதற்கு நேர்மாறு. அவர்களுக்குப் பை உண்டு, பொக்கற் இல்லை. சேலையில் இல்லை, பெரும்பாலான பஞ்சாபி (சல்வார்) உடுப்புகளில் இல்லை, கடையில் வாங்கும் சட்டைகளிலும் இல்லை. ஜீன்ஸில் இருப்பதும் பேருக்குத்தான். 2018இல் அமெரிக்காவில் விற்கும் ஜீன்ஸ்களை அளந்து பார்த்தபோது பெண்களுக்கானவற்றின் முன் பொக்கற் ஆண்களுக்கானதைவிட ஏறக்குறைய பாதி ஆழம் குறைவாக இருந்தது. ஆகவே எல்லாமே பைக்குள் போகிறது. அந்தப் பையிலும் தன்னுடைய பொருள் மட்டும் இருப்பதில்லை. பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல், மாமியின் கிளினிக் கொப்பி, கணவனின் கண்ணாடிக் கூடு எல்லாம் அதற்குள்தான். பை கொண்டு திரியக் கூச்சப்படும் ஆணின் சுமை கடைசியில் பெண்ணின் தோளில்தான் தொங்குகிறது.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் படிப்பிக்கப் போகும் ஆசிரியைகளை நினைத்துப் பாருங்கள். ஏ9 வீதியில் 70 கிலோமீற்றருக்கு மேல், பல நாள் பஸ்ஸில் நின்றபடி. வலது தோளில் ஹேண்ட்பேக், அதே கையில் சாப்பாட்டுப் பை, திருத்த எடுத்து வந்த கொப்பிக் கட்டு. இடது கை மேல் கம்பியில். பை வழுக்கி விழாமல் இருக்க வலது தோளைத் தன்னையறியாமல் உயர்த்திப் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அந்தத் தசை இறுகியபடியே நிற்கிறது. கழுத்து நோவு, பின்தலை இடி, விரல் விறைப்பு என்று வந்து நிற்கும்போது வருடங்கள் போயிருக்கும். இவர்களுக்கு நான் இரண்டு தோளிலும் மாட்டும் முதுகுப்பையைத்தான் சொல்வேன். சேலைக்கு முதுகுப்பை பொருந்தாது, வடிவில்லை என்பார்கள். வடிவாக இருக்க ஆசைப்படுவதில் ஒரு பிழையும் இல்லை, அதை விடச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. அகலப் பட்டியோடு, சேலைக்கு எடுப்பான நிறத்தில், மெல்லிய முதுகுப்பைகள் கடைகளில் இருக்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால் குறுக்கே போடும் பை நல்லது. பட்டியைச் சுருக்கிப் பையை இடுப்பெலும்போடு ஒட்டி வையுங்கள், தோளை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

சேலையே வேண்டுமா என்ற கேள்வியும் இங்கே வரத்தான் செய்யும். 2019இல் அரச அலுவலகப் பெண்கள் சேலையோ ஒசரி என்ற கண்டியச் சேலையோதான் அணிய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்புக்குப் பிறகு மாற்றப்பட்டது. 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை அல்லாத உடையில் பாடசாலைக்குப் போனபோது நாடே அதைப் பற்றிக் கதைத்தது. கல்வி அமைச்சோ பழைய நடைமுறை மாறாது என்றது. சேலை விருப்பமானவர் சேலை உடுக்கட்டும். ஸ்கூட்டியில் செம்மண் ரோட்டால் போய், நாள் முழுக்க நின்று படிப்பிக்கும் ஒருவருக்குத் தெரிவு இருக்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. சேலைத் தலைப்போ பஞ்சாபிச் சால்வையோ சில்லில் சிக்கி விழுந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுத்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சேலையோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது உள்பாவாடைக் கயிறு. இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சேலை நிற்க வேண்டும் என்று மெல்லிய கயிற்றை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுகிறோம். இந்த வெயிலில் வியர்வையும் சேர, இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்துத் தடிக்கிறது, கடிக்கிறது, சிலருக்குப் புண்ணாகிறது. பல வருடம் ஆறாமல் கிடந்த அப்படியான புண் அரிதாகப் புற்றுநோயாக மாறியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இறுக்கி வேட்டி கட்டிய ஆண்களிலும் இது காணப்பட்டிருக்கிறது. கயிற்றுக்குப் பதில் நாலைந்து விரல் அகலத்தில் துணிப்பட்டி தைப்பியுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். சில வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், இடம் இடுப்பு என்று வெட்கப்படாமல் டொக்டரிடம் காட்டுங்கள். இறுக்கமான கயிறும் பெல்ட்டும் ஒட்டிய ஜீன்ஸும் தொடையின் வெளிப்பக்கத்துக்குப் போகும் நரம்பை நெரித்து அங்கே விறைப்பையும் எரிவையும் தரும். இளம் பிள்ளைகள் ஆண் பெண் என்ற வித்தியாசம் இல்லாமல் இதோடு வருகிறார்கள்.

கச்சான் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்யும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டைக்கு மேல் கணவனுடையதோ தம்பியுடையதோ பழைய முழுக்கைச் சேட். வெயில் சுடாது, சுணை படாது, கை தாராளமாக அசையும், போனையும் பொக்கற்றில் போடலாம். வேலைக்கு மிகப் பொருத்தமான உடுப்பு. ஆனால் வேலை முடிந்து ரோட்டில் ஏறமுன் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார்கள். வரம்புக்கு உள்ளே சரியாக இருப்பது ரோட்டில் எப்படிப் பிழையாகும்? குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நிறைந்த மண் இது. உழைப்பு முழுவதையும் அவர்களிடம் வாங்கிக்கொண்டு, அந்த உழைப்புக்கு ஏற்ற உடுப்பை மட்டும் மறுப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. போர்க் காலத்தில் இதே வீதிகளில் நீளக் காற்சட்டையும் சேட்டும் அணிந்த பெண் போராளிகளை எல்லோரும் பார்த்துப் பழகியிருந்தார்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம் ஒன்றை இங்கேதான் கற்றேன். 2009இல் போர் முடிந்து இத்தனை வருடமாகியும் செல் (எறிகணை) துண்டுகளை உடம்பில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். தோளிலோ முதுகிலோ துண்டு இருக்கும் ஒருவருக்குப் பையின் பட்டி சரியாக அதன் மேல் விழுந்தால் நாள் முழுக்க நரகம். உள்ளாடைப் பட்டியும் அப்படித்தான். பெண்கள் இதை வெளியே சொல்வதில்லை. தழும்பு தெரியும் என்று கழுத்து மூடிய, இறுகிய சட்டை போட்டு இன்னும் அழுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பட்டி அகலமான, முன்னால் கொழுக்கி உள்ள உள்ளாடையும் இடுப்பில் கட்டும் பையும் உதவும். துண்டு இருக்கும் இடம் சிவந்து வீங்கினாலோ நீர் வடிந்தாலோ தாமதிக்காதீர்கள். எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னால் உடம்பில் உலோகம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செயற்கைக் கால் போட்டவர்களிலும் ஆண் பெண் வித்தியாசத்தைப் பார்க்கிறேன். ஆண் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெய்ப்பூர் கால் தெரிய முற்றத்தில் நிற்பார். பெண்ணோ நிலம் கூட்டும் நீளத்தில் பாவாடை உடுத்து மறைப்பார். அந்தக் கரை செயற்கைப் பாதத்தில் தடக்கி விழுத்துகிறது. கணுக்காலுக்கு மேல் நிற்கும் நீளம், அல்லது கால் அகலமான பஞ்சாபி பாதுகாப்பானது. காலைக் கழற்றி மாட்டுவதற்கு வசதியாகக் கரையில் ஒரு சிப் வைத்துத் தைப்பித்தால் இன்னும் நல்லது. ஊரில் உள்ள தையல்காரருக்கு அது பெரிய வேலையில்லை.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. வளரும் வயதுப் பெண்பிள்ளைகள் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக் கூனி நடப்பதைக் கண்டால் "நிமிர்ந்து நட" என்று ஏச வேண்டாம். நெஞ்சை மறைக்கத்தான் அப்படி நடக்கிறார்கள். அளவான உள்ளாடை வாங்கிக் கொடுங்கள், வீட்டு ஆம்பிளைகளின் பகிடியை நிறுத்துங்கள், முதுகு தானாக நிமிரும். சீருடைத் துணி அரசாங்கம் தருவது, தைப்பது நாங்கள்தானே. தைக்கக் கொடுக்கும்போதே ஆழமான ஒரு பொக்கற் வைக்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு நாளில் பையைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடும் அவதி பிள்ளைக்குக் குறையும். பையின் பாரம் பிள்ளையின் நிறையில் 10 முதல் 15 வீதத்துக்குள் இருப்பது நல்லது. 30 கிலோப் பிள்ளைக்கு மூன்று கிலோ, கூடினால் நாலரை. ஆண்பிள்ளைகள் ஸ்டைலுக்காக ஒரு பட்டியை மட்டும் மாட்டுவதையும் விடச் சொல்லுங்கள்.

தோள் இறுகிப்போனவர்கள், முக்கியமாக நீரிழிவு உள்ளவர்கள், கை பின்னால் போகாமல் உடுப்பு மாற்ற முடியாது தவிக்கிறார்கள். முன்னால் திறக்கும் பிளவுஸும் சேட்டும் போதும். பாரிசவாதம் வந்தவருக்கு உடுத்தும்போது பாதித்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுங்கள். உடுப்பு யாருடைய அலுமாரியிலிருந்து வந்தது என்று அப்போது பார்க்க வேண்டாம். மகளின் தளர்ந்த ரவுசர் அம்மாவுக்கு வசதி என்றால் அதுவே உடுப்பு.

அடுத்த முறை கழுத்து நோவு, நாரி நோவு என்று இயன்மருத்துவரிடம் போகும்போது, அன்றாடம் தூக்கும் பையையும் கையோடு கொண்டு போங்கள். துப்புரவாக்கி, பாதியை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டாம். வழக்கமான பாரத்தோடு, வேலைக்கு உடுத்தும் உடுப்போடு போனால்தான் எங்கே நெரிபடுகிறது என்று பார்க்க முடியும்.